நாற்பது சென்ரிமீற்றர்

ஸ்பிரிங்கனுக்கு மேலே மூன்றாவது கொண்டை வளைவில்
பச்சை விளக்கு சிமிட்டத் தொடங்கியது.
நின்று எரிந்தால் நாலு சில்லும் இழுக்கும்.
சிமிட்டினால் கோளாறு.
பின்சில்லு இரண்டும் பனியை அரைத்து
மாவாக்கி எறிந்தன.
முன்சில்லு இரண்டும்
கலியாண வீட்டுக்கு வந்த தூரத்துச் சொந்தம்போல்
சும்மா கூடவே உருண்டன.

ஏழு மணிக்கு ஆர்னோல்ட் ஐயாவுக்கு இன்சுலின்.
ஏழே முக்காலுக்கு அவர் அக்காவின் கால்புண்ணுக்குக் கட்டு.
ஏழு இருபதுக்கு நான் இன்னும் வளைவில்,
கால்விரிப்பை உருவிச் சில்லுக்கடியில் செருகியபடி.

அல்ட்டோர்ஃப் கராஜில்
கணினியைக் கொளுவிப் பார்த்துச் சொன்னார்கள்:
இழுவையை முன்னுக்குப் பிரித்துவிடும் பெட்டி
பழுதாகியிருக்கலாம்.
இரண்டாயிரத்து எண்ணூறு பிராங்.
அந்த ஒரு 'லாம்' அவ்வளவு விலை.
வண்டியையே மூவாயிரத்துக்குத்தான் வாங்கினேன்.
பத்தொன்பது வயதுச் சுசுகி,
முன்பு வைத்திருந்தவரின் நாய் மயிர்
இன்னும் இருக்கைத் தையலில்.

எங்கள் கட்டட நிலவறையில் வாகனம் திருத்தக்கூடாது.
விதி பதினொன்று, கையெழுத்திட்டிருக்கிறேன்.
ஆகவே சனி பின்னேரம்
ஆர்னோல்ட் வீட்டு மாட்டுக்கொட்டில் வாசலில்
பொனற்றைத் திறந்தேன்.
மருமகள் ரெகுலா சாணிச் சப்பாத்தோடு வந்து எட்டிப் பார்த்தாள்.
இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது.
அது ஒரு வசதி.

இரவிரவாக நான் படித்த வரைபடத்தின்படி
முன்சில்லின் பல்லைப் பல்லோடு சேர்ப்பது
கம்பி இல்லை, நெம்புகோல் இல்லை.
எஞ்சின் காற்றை உறிஞ்சி
ஒன்றுமில்லாததை உண்டாக்கி
அதை ஒரு மெல்லிய றப்பர்க் குழாயில்
சில்லு வரைக்கும் அனுப்புகிறது.
என் ஜெர்மனில் இதைச் சொல்லி முடிக்கவில்லை,
"பால் கறக்கிற மெஷின்" என்றாள் ரெகுலா.
கொட்டிலுக்குள் ஓடிப்போய்
மடிக்குப் பிடிக்கும் மானியை எடுத்து வந்தாள்.

முள் ஏறியது. பாதியில் நின்று
நித்திரை வந்த தலையாய்ச் சரிந்தது.
"ஒன்றுமில்லாதது ஒழுகுகிறது" என்றேன்.
"ஒன்றுமில்லாதது எப்படி ஒழுகும்?"
பிறகு பேசுவோம், ரோர்ச்சைப் பிடி.

குழாய்களை ஒவ்வொன்றாய்க் கழற்றி
ஒரு முனையை விரலால் அடைத்து
மறு முனையை வாயால் உறிஞ்சினேன்.
முதலாவது நாக்கைப் பிடித்துக்கொண்டது. நல்லது.
இரண்டாவதும் நல்லது.
மூன்றாவது, வலது சில்லுக்குப் போவது,
பழைய எண்ணெய் வாசத்தோடு
உறி மாநிலத்துக் குளிர் முழுவதையும்
என் வாய்க்குள் விட்டது.
பற்றறித் தட்டுக்குக் கீழே, வளையும் இடத்தில்,
வெட்டிப்போட்ட நகத்துண்டளவு வெடிப்பு.
இரண்டாயிரத்து எண்ணூறு பிராங்
அதற்குள்தான் ஒளிந்திருந்தது.

கடை திங்கள்தான் திறக்கும்.
ரெகுலா தன் கறவைக் குழாயில் ஒரு துண்டு வெட்டினாள்.
வாய் சற்றே பெரிது. முதல் கிளிப் வழுக்கி
என் விரல்மொழியைச் சீவியது.
நாள் முழுக்கப் பிறர் புண்ணுக்கு ஒட்டும் பிளாஸ்டரை
எனக்கு ஒட்டிக்கொண்டேன்.
உள்ளே ஒரு மாடு,
பால் நேரம் தவறியதென்று,
எங்கள் இருவரையும் வைதது.

எஞ்சினை ஓடவிட்டுப் பொத்தானை அழுத்தினேன்.
சிமிட்டியது.
நாடி எண்ணுகிற பழக்கத்தில் எண்ணினேன்.
நாலு. ஐந்து. ஆறு.
ஏழாவதில் நின்று எரிந்தது.

கொட்டிலுக்குப் பின்னால் உழாத பனி.
முன்சில்லு கடிக்கிறது,
ஸ்டியரிங் கைக்குள் கனக்கிறது,
நல்ல கனம்.
மேலே போய்த் திரும்பி வந்தேன்.
தேவையில்லாமல் இன்னொரு தடவையும் போய் வந்தேன்.
ஜன்னலில் ஆர்னோல்ட் ஐயா
மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினார்.
மாலை ஊசிக்கு எட்டு நிமிடம் பிந்தியிருந்தது.

குழாய்க்குக் காசு கேட்கவில்லை ரெகுலா.
கொட்டில் கரும்பலகையில்
புளோரா பதினொன்று, பெல்லா ஒன்பதரை
என்று பால் லீற்றர் எழுதும் வரிசையின் அடியில்
சோக்கால் எழுதி வைத்தாள்:
யசோதினி, 40 செ.மீ.