சின்ன நீலம்

பீளமேட்டு விமான நிலையத்தில்
வெளியே வந்த குய்ரோங்
கைகுலுக்கவில்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை.
என் முந்தானையைப் பிடித்துத் திருப்பி
வெயிலுக்குக் காட்டிப் பார்த்தாள்.
"சாயம் சரியாக ஏறவில்லை" என்றாள்,
ஆறு வருசம் கழித்து.

ஷாவ்ஷிங் சாயப்பட்டறையில்
அவள் எனக்கு மேலதிகாரி.
திருப்பூரிலிருந்து சம்பளம் பேசிப் போனவள் நான்.
நீலவேணி அங்கே யார் வாயிலும் நுழையவில்லை.
பொருள் கேட்டாள். பாதிதான் சொல்லத் தெரிந்தது.
அன்றிலிருந்து சியாவ் லான்,
சின்ன நீலம்.
கூந்தலை அப்படியே விட்டுவிட்டோம்.

காலை ஏழரைக்கு ஆய்வுக்கூடம்.
குடுவைகள், அரை சதவீதம், கால் சதவீதம்,
ஒளிப்பெட்டிக்குள் துண்டுத் துணிகள்.
கடை விளக்கில் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்;
பகல் விளக்கைப் போட்டால்
ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காது.
"ஜெர்மன்காரன் எந்த விளக்கில் பார்ப்பான்?"
நாளெல்லாம் நாங்கள் பேசியது
பெரும்பாலும் இதைத்தான்.

ஒரே ஒரு சண்டை. ஆனால் பெரிய சண்டை.
அவர்களிடம் ஒரு சொல் இருக்கிறது, சிங்.
புல்லும் சிங், வானமும் சிங்,
சில நேரம் கறுப்புத் துணியும் சிங்.
அவள் வாயால் சொன்னாள், நான் பச்சை என்று எழுதி
மூன்று டன் துணியை நனைத்துவிட்டேன்.
கேட்டிருந்தது நீலம்.
இரவு பதினொரு மணிக்கு
அவள் சீனத்தில் கத்த
நான் சுத்தமான பெருமாநல்லூர்த் தமிழில் கத்தினேன்.
காவலாளி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

பிறகு என் அறையில், சின்ன குக்கரில்
அரிசிம்பருப்பு வெந்தது.
என் பெருங்காயத்துக்கு அவள் மூக்கைப் பிடித்தாள்,
அவளுடைய புளித்த சோயாக்கட்டிக்கு நான்.
இரண்டு தட்டு தின்றாள்.
மூன்று டன்னையும் கறுப்பாக்கி விற்றுக்கொள்ளலாம்
என்று வாயைத் துடைத்துக்கொண்டே முடிவு சொன்னாள்.

அவர்கள் புத்தாண்டுக்கு, நோம்பிக் கூட்டத்தில்,
பத்தொன்பது மணி நேரம் ரயிலில்
மலைமேல் இருந்த அவள் ஊருக்குப் போனோம்.
அவளுடைய அம்மா என்னைப் பார்த்து என்னவோ கேட்டாள்.
"டிக்கெட் எவ்வளவு என்கிறாள்" என்றாள் குய்ரோங்.
நானும் விரல்விட்டு விலை சொன்னேன்.
மொழி கொஞ்சம் பிடிபட்ட பிறகுதான்
அந்தக் கேள்வி காதுக்குள் அவிழ்ந்தது:
"உன்னைப் போலவே இவளையும்
புருசன் விட்டுவிட்டுப் போய்விட்டானா?"
அதை அவளிடம் நான் சொன்னதில்லை.

திருப்பூரில் என்ன பார்க்கிறாய், கோயிலா,
அவிநாசித் தேரா என்றேன்.
"ஆறு" என்றாள்.
எனக்கு வெசனமாகத்தான் இருந்தது.
மழை பெய்த மறுநாள்.
எவனோ ராவோடு ராவாகத் திறந்துவிட்டிருந்தான்.

நொய்யல் பாலத்தில், பேருந்து உரசிப்போகும் கைப்பிடிச் சுவரில்
வயிறு பட எட்டிப் பார்த்தாள்.
"டர்க்காய்ஸ். இரண்டு சதவீதம்."
"ஒன்றரை" என்றேன்.
"உப்பு அதிகம். அடியில் கொஞ்சம் கறுப்பு."
"அது நேற்றைய லோடாக இருக்கும்."
மொபட்டை நிறுத்தி ஒருவர் கேட்டார்:
"ஏனுங்க அம்மிணி, மீன் ஏதாச்சும் தெரியுதுங்களா?"
இல்லைங்க என்றேன்.
நம்பாமல் அவரும் சித்தெ நேரம் பார்த்தார்.

"இந்த நிறத்துக்கு உன் மொழியில் என்ன?"
சேலைக்கடைப் பெயர்கள் வரிசையாக வந்தன,
கிளிப்பச்சை, வெங்காயத்தோல்,
மயில்கழுத்து நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
இந்தத் தண்ணீருக்கு அதைக் கொடுக்க மனசில்லை.

"சிங்" என்றேன்.

அவள் திரும்பவில்லை. ஆற்றைப் பார்த்தபடியே
விரல்களை மட்டும் தூக்கிக் காட்டினாள்.

மூன்று.