ஏழாவது கட்டம்

புக்கிட் ரோத்தானில் பெயிண்ட் வாசம் வீசும் ஒரே பட்டறை.
முதலாளி ஆ ஹின். தகரம் தட்டுவது லூர்துராஜ்.
படிவம் நிரப்புவது நான்.

ஏழாவது கட்டம்: சேதத்தின் காரணம்.
மூன்று விரல் அகலம்தான்.
அதற்குள் சொல்லி முடித்தவர்
இதுவரை யாருமில்லை.

பெரும்பாலும் பழைய கதை.
பின்னால் வந்தவன் போன் பார்த்தான்.
முன்னால் போனவன் பீசாங் கோரெங் கடையைக் கண்டு
சடக்கென்று பிரேக் போட்டான்.
மழை. குழி. குழி தெரியாத அளவுக்கு மழை.
செம்பனை லோரி வளைவில் குலுங்கி
இருபது கிலோக் குலையொன்றைக்
கண்ணாடிமேல் இறக்கிவிட்டு
எதுவும் குறையாதது போல
மில்லுக்குப் போயிருக்கும்.

அபூர்வமாகவும் வரும்.
பாக் ரம்லியின் வீராமேல் டுரியான் விழுந்தது.
மரம் மைத்துனருடையது.
பழம் எங்கே, படம் எடுக்கணும் என்றேன்.
சாப்பிட்டாச்சு என்றார், நல்ல சதை.

பக்கக் கண்ணாடியில் தன்னைப் பார்த்த குரங்கு
எவனோ என்று நினைத்து அடித்து உடைத்தது.
கஞ்சில் ஒன்றின் வயரைத் தின்ற எலி
பானெட்டுக்குள் ஐந்து குட்டி போட்டிருந்தது,
கண் திறக்காதவை.
லூர்துராஜ் அன்று முழுக்க
அந்த வண்டிப் பக்கம் சுத்தியலோடு போகவில்லை.

பொய் சொல்கிறவர்கள் மாடு என்பார்கள்.
வாயில்லா ஜீவன், மறுக்க வராது.
பள்ளத்தில் ஒரு மயிர் ஒட்டியிருக்காது,
மஞ்சள் பெயிண்ட் ஒட்டியிருக்கும்.
எந்த ஊரில் மஞ்சள் மாடு மேய்கிறது?

இடித்தவன் இடிபட்டவனிடம்
தன் நிறத்தில் கொஞ்சம் விட்டுப்போகிறான்,
கொஞ்சம் வாங்கிக்கொண்டும் போகிறான்.
பாதி திங்கட்கிழமை வரும்,
மீதி வியாழக்கிழமை.
வேறு பட்டறை இல்லாத ஊர்.

தைப்பூசம் முடிந்த திங்கள்
பூங்காவனம் டீச்சரின் வெள்ளை சாகா.
இடது பின்கதவில் முழ நீளம் நீலக் கீறல்.
"பார்க்கிங்ல யாரோ. பார்க்கல."
வியாழன், எடைமேடைக் கிராணி செங்கோடனின் நீல மைவி.
வலது முன்மூலையில் வெள்ளை.
"தூண்" என்றார்.
என்ன தூண்?
கொஞ்சம் யோசித்து, "வெள்ளைத் தூண்."

கூடப் பிறந்தவர்கள்.
தோட்ட வீட்டுக்கு ஈடாக வந்த பணத்தில்
பேச்சு நின்று ஒன்பது வருஷம்.
போலீசில் ரிப்போர்ட் கொடுத்தால்
இருவரில் ஒருவருக்கு முந்நூறு வெள்ளி சம்மன்.
கொடுக்கவில்லை, இருவருமே.

லூர்துராஜ் டேப்பை எடுத்தான்.
அங்கேயும் தரையிலிருந்து இருபத்து மூன்று அங்குலம்,
இங்கேயும்.
அவன் என்னைப் பார்த்தான்.
ஏழாவது கட்டத்தைக் காலியாக விட்டேன்.
இருவருக்கும் போன் செய்து
சனிக்கிழமை ஐந்து மணி என்றேன்.

ஐந்துக்கு மழை பிடித்தது.
தகரக் கூரை, ஒரே பெஞ்சு,
நடுவில் செத்த பேட்டரி ஒன்று.
கால் மணி நேரம் மழை மட்டும் பேசியது.

பிறகு டீச்சர் எழுந்து போனார், தன் காரிடம் இல்லை.
மைவியின் மூலையை விரலால் தடவி
"நீலம் கொஞ்சம் தூக்கலா இருக்கே" என்றார்,
காரிடம் சொல்வது போல.
"வெயில்ல நின்னா அடங்கிடும்"
என்றார் செங்கோடன், பேட்டரியிடம்.

பில்லை நீட்டினேன்.
தம்பி அக்காவுடையதை எடுத்தார்,
அக்கா தம்பியுடையதை.
நானூற்றுப் பத்து. முந்நூற்றி எண்பது.
முப்பது வெள்ளி யார் கூடக் கட்டுவது என்று
சண்டை தொடங்கியது.
சுற்றிச் சுற்றிப் பணத்துக்கே வந்தது,
அப்பாவின் இருமலுக்குப் போனது,
எப்போதோ உடைத்த தண்ணீர்ப் போத்தலுக்கும் போனது.
ஆ ஹின் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்.
ஒன்பது வருஷத்துச் சத்தம்,
மழையைவிடப் பெரிது.

ஏழு மணிக்குக் கதவை இழுத்தோம்.
அவர்கள் ரோட்டோரத்தில்
இரண்டு காருக்கும் விளக்கைப் போட்டுவிட்டு
இன்னும் நின்றிருந்தார்கள்.

இரண்டு படிவத்தையும் எடுத்து
ஏழாவது கட்டத்தில்
மாடு என்று எழுதினேன்.