ஒன்பதாவது டேக்

கோட்டையூரில் பூட்டியே கிடந்த பெரிய வீட்டைப்
படப்பிடிப்புக்குத் திறந்திருக்கிறார்கள்.
பிணைக்கைதிகள் பன்னிரண்டு பேர் வேண்டுமாம்,
ஆளுக்கு எழுநூறு, மதியச் சாப்பாடு.
போனேன்.
இரண்டாங்கட்டில் உட்காரவைத்து
ஒரு பையன் கையைக் கட்டினான்.
"இறுக்கமா இருக்காக்கா?"

சேவுகனிடம் யாராவது கேட்டிருப்பார்களா?
கிரேன் ஓட்டப் போன துறைமுகத்தில்
பிடித்துக்கொண்டு போய்
இன்றோடு நூற்றுப்பதின்மூன்று நாள்.

கதாநாயகன் கதவை உதைத்துக்கொண்டு வருகிறான்.
முகப்பு, வளவு, ஒரே ஓட்டம்.
குண்டு. புகை.
எதிரிகள் மட்டும் பார்த்துப் பார்த்துச் சாகிறார்கள்.
புகை கலைந்ததும் நாங்கள் அழ வேண்டும்,
சந்தோஷத்தில்.

மூன்றாவது டேக்கில் வாய் சும்மா இருக்கவில்லை.
சார், எங்க பக்கத்து வீட்டுல
முன்வாசல்ல நின்னா கொல்லைவாசல் தெரியும்.
வர்றவரை இவன் இங்கிருந்தே பாத்துருவான்.
பாத்ததும் மொதல்ல யாரைச் சுடுவான்?
உதவி இயக்குநர் சிரித்தார்:
"லாஜிக் பார்த்தா படமே எடுக்க முடியாதுக்கா."

ராத்திரி செய்தியிலும் அதே முன்வாசல்.
வரைபடத்தில் ஒரு சிவப்பு அம்பு,
அதைக் குச்சியால் தட்டுகிறார் தளபதி.
இன்னும் நெருக்கினால் தானாக விடுவார்களாம்.
எண்பது சதவீதம் முடிந்துவிட்டதாம்.
சேவுகன் எதில் இருக்கிறான்,
முடிந்ததிலா, மிச்சத்திலா?

நான் எட்டாவதுதான்.
ஆனால் பத்து வருஷமாகச் சீட்டு நடத்துகிறேன்,
கூட்டிக் கழிக்கத் தெரியும்.
சண்டையை நிறுத்திப் பேசிய அந்த ஒரு வாரத்தில்
நடந்து வந்தவர்கள் பதினொரு பேர்.
அதற்கப்புறம் இத்தனை விமானம் பறந்து
வந்து சேர்ந்தது மூன்று பெட்டி.
யார் குண்டு என்று
யாரும் வாய் திறக்கவில்லை.
இந்தக் கணக்கை எழுதி
சிவகங்கையில் மனுவாகக் கொடுத்தேன்.
டெல்லிக்கு அனுப்பிவிட்டோம் என்கிறார்கள்.
கேள்வி கேட்கிற நேரமா இது என்கிறார்
கீழத்தெரு மளிகைக்கடைக்காரர்.
வேறெது நேரம்?
பெட்டி வந்த பிறகா?

நேற்று மேகம் மறைத்து மறைத்து
ஒன்பது டேக் போனது.
ஒன்பதாவதில் கதவு அதிர்ந்ததும்
நான் அழுவதற்குக் காத்திருக்கவில்லை.
குப்புற விழுந்து
கன்னத்தைத் தரையோடு ஒட்டிக்கொண்டேன்.
ஆத்தங்குடிக் கல், அந்தப் பகலிலும் ஜில்லென்று.
"கட்! உங்களை யாருக்கா படுக்கச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை.
அவனுக்கும் சொல்லியிருக்க மாட்டார்கள்.
கை கட்டியிருந்ததால்
காதைத்தான் பொத்த முடியவில்லை.