தன்மை ஒருமை

பதினோராம் நம்பர் மலையில் சிக்னல் இல்லை.
கொழுந்து மடுவத்தின் கீழ்மூலையில் மட்டும்
இரண்டு கோடு விழும், மழை விட்டால் மூன்று.

பகல் நிறுவைக்குக் காத்திருந்தபோது
ரொபின்சன் தன் போனைச் சொப்பின் பையில் போட்டுத்
தராசுக் கொக்கியில் தொங்கவிட்டான்.
பாராளுமன்றம், நேரலை.
நம்ம சம்பளத்தப் பத்திப் பேசுறாங்களாம்.
போட்ட ரீலோடில் பாதி
யாரோ செங்கோலைத் தூக்கிக்கொண்டு
நடந்து வந்ததிலேயே கரைந்துபோனது.

படங்கைக் கழற்றாமல் குந்தினோம்,
அட்டைக்குச் சவர்க்காரம் தடவிய கால்களோடு.

அமைச்சர் எழுந்தார். வாய் சிங்களத்தில் அசைந்தது.
வந்த குரல் என் தங்கையுடையது.

ஜெயகௌரி. நாலாம் லயம், கடைசிக் காம்பரா.
கோட்டேயில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து
அவர்கள் பேசப் பேசத் தமிழில் பேசுவது அவள் வேலை.
"அவர் சொல்கிறார்" என்று சொல்லக்கூடாதாம்.
"நான்" என்றுதான் சொல்ல வேண்டுமாம்.

"நான் இந்தத் தொழிலாளர்களை மதிக்கிறேன்"
என்றாள் ஜெயகௌரி.
"ஆனால் கம்பனிகளின் நட்டத்தையும்
நான் பார்க்க வேண்டும்."

மடுவத்தில் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.
பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள்.
செபமாலைதான் வாய்விட்டுக் கேட்டாள்:
"ஏன்டி, ஒந்தங்கச்சியா நமக்கு இல்லேங்குது?"
"அவ இல்லக்கா, மந்திரி."
"கொரலு அவளோடதுதானே?"

முன்பு வாய் மட்டும் அசைந்தபோது
கோபிக்க வசதியாக இருந்தது.
அவர்கள் சொன்னதையும் நாமே சொல்லி
நம் வசவையும் நாமே போட்டுக்கொள்வோம்.
இப்போது எல்லாம் விளங்குகிறது,
நம் வீட்டுத் தமிழில்,
'ழ' சறுக்காத தமிழில்.

"இந்த வருடத்துக்குள் கூட்டித் தருவதற்கு"
என்றவள் ஒரு மூச்சு எடுத்தாள்.
அமைச்சர் அந்த இடத்தில் மூச்சு வாங்கவில்லை.
நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.
அவர் அடுத்த தாளுக்குப் போய்விட்டார்.
"நான் உறுதியளிக்க முடியாது."

படம் சுழன்றது, நின்றது. டேட்டா தீர்ந்தது.
ரொபின்சன் போனை எடுத்தான்,
அதே கொக்கியில் என் சாக்கு ஏறியது.
தண்ணிக்கென்று ஆளுக்கு இரண்டு கிலோ கழித்தார்
கணக்கப்பிள்ளை.
செபமாலைக்கு அரைப் பேர்.

ஹன்சார்டில் அமைச்சர் பேசியது
அவர் மொழியிலேயே அச்சாகுமாம்.
இவள் பேசியது எங்கும் ஏறாது.
மூச்சு எப்படி ஏறும்?

ராத்திரி ஏழரைக்குக் கோல் எடுத்தாள்.
தொண்டை கட்டியிருந்தது.
பார்த்தீங்களா என்று அவள் கேட்கவில்லை,
பார்த்தோம் என்று நான் சொல்லவில்லை.
இஞ்சி தட்டிப் போட்டுக் குடி என்றேன்.
கூரைத் தகரம் கிளம்பியதைச் சொன்னேன்.
வேறென்ன சொல்வதென்று தெரியாமல்,
"எனக்கு இன்னைக்கித்
தண்ணிக்கு ரெண்டு கிலோ கழிச்சுட்டாங்க."

சத்தமில்லை. கோடு போய்விட்டதென்று
போனைக் காதிலிருந்து எடுத்தேன்.
அப்போது அந்தப் பக்கம், மெதுவாக,
மைக்குக்கு முன்னால் போல ஒவ்வொரு சொல்லாக,
அதைச் சிங்களத்தில் சொன்னாள்.

எனக்கு என்றே சொன்னாள்.