இரண்டாம் மாடிக் கசிவு

பெரம்பூரில் எங்கள் குடியிருப்பின் பின்பக்கம்
கழிவுக்குழாய்கள் இறங்கும் சந்துக்குள்
நாளுக்கு இருபது நிமிடம் வெயில்.
மற்ற நேரமெல்லாம் பாசி.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில்
செயலாளர் வேதமூர்த்தி கதவைத் தட்டினார்.
"நீங்கதானே பாசி படிச்சவங்க?
இந்தக் கசிவு எத்தனை மாசமா இருக்குன்னு
பார்த்துச் சொல்லணும்."

வழக்கு இதுதான்.
ஆவணியில் வீட்டை விற்றவர் ஹெர்பர்ட்,
வாங்கியவர் நூருன்னிசா.
கசிவு ஆவணிக்கு முன்னா பின்னா?
செலவு முப்பத்தெட்டாயிரம்.

என் லென்ஸ் கறுப்புக் கயிற்றில் கழுத்தில் தொங்கும்.
தாயத்தா என்று கேட்டவர்கள் உண்டு.
கண்ணில் அதை ஒட்டிக்கொண்டு
மூக்கு சுவரில் படும்வரை போக வேண்டும்,
முத்தத்துக்கு ஒரு விரற்கடை முன்னால்.
எதிர்வீட்டுச் சமையலறை ஜன்னல் சட்டென்று சாத்திக்கொண்டது.

ஓரத்தில் காய்ந்தவை
இலைகளை உள்நோக்கிச் சுருட்டிக் கறுத்திருந்தன.
பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு விட்டேன்.
ஏழு எண்ணுவதற்குள் எல்லாம் விரிந்து பச்சை.
வேதமூர்த்தி "அட" என்றார்,
பிறகு செயலாளர் முகத்தை மறுபடி மாட்டிக்கொண்டார்.

குழாய் முட்டிக்கு நேர் கீழே
மயிரளவு காம்புகள், நுனியில்
கடுகிலும் சிறிய சிமிழ்கள்.
அப்படியானால் எப்போதோ ஒரு நாள்
இந்தச் சுவரில் ஆணணு ஒன்று
ஒரு மில்லிமீட்டர்க் கடலை நீந்திக் கடந்திருக்கிறது.

"அப்ப ஆவணிக்கு முன்னாடியே!"
அவ்வளவு லேசில்லை சார்.
மழையும் நனைத்திருக்கும்.
காய்ந்த நாட்களில் பாசிக்கு வயதாவதில்லை,
நனைந்த மணிகளை மட்டுமே கூட்டிக்கொள்ளும்.
அந்தக் கணக்கில்
எனக்கு முப்பத்தாறு இல்லை,
நாலு இருக்கலாம்.

அப்போதுதான் தரையைப் பார்த்தேன்.
சொட்டு விழுந்து சேர்ந்த வண்டலில்
இரண்டிரண்டாய்ப் பிளந்து
வட்டம் கட்டிய ஈரற்பாசி.
அதன் பக்கத்தில், ஊசியாய் நிமிர்ந்து,
மூன்று கொம்புகள்.

கொம்புப்பாசி.
ஆறு பருவமழையாய்
எண்ணூரிலிருந்து அடையாறுவரை
குனிந்து குனிந்து நான் தேடியது
என் குப்பைத்தொட்டிக்குப் பின்னால்.
உடலுக்குள் நீலப்பச்சைக் கூட்டாளிகளைக் குடிவைத்து
காற்றிலிருந்து நைட்ரஜன் சமைத்து உண்கிறது,
வாடகைச் சீட்டு இல்லாமல்,
சங்கக் கூட்டம் இல்லாமல்.

கசிவே இல்லை, வெறும் மழைதான்
என்று சொல்லிவிட நாக்கு எழுந்தது.
சொல்லவில்லை.
"ஆவணிக்கு முந்தையதாக இருக்கலாம். உறுதியில்லை."
கையெழுத்துப் போட்டேன்.
இரு தரப்பும் என்னைத் திட்டிவிட்டு
ஆளுக்குப் பாதி கொடுத்தார்கள்.

பிளம்பர் ஏகாம்பரம் வந்தார்,
கம்பி பிரஷும் பிளீச்சிங் பவுடரும்.
அவருக்கு முன்னால் எவர்சில்வர் தாம்பாளத்தோடு
ஹெர்பர்ட் வந்து நின்றார்.
"சுரண்டத்தானே போறீங்க?
கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஆகும்."
கத்தியைச் சாய்த்து
சுவரின் தோலைப்போல உரித்துக் கொடுத்தேன்.

கொம்புகளை வண்டலோடு பெயர்த்து
காது உடைந்த காபிக் கோப்பையில் வைத்தேன்.
அது இப்போது என் குளியலறை ஜன்னலில்.
அங்கே ஒரு குழாய் சொட்டுகிறது.
ஏகாம்பரத்திடம் அதைச் சொல்லவில்லை.

மார்கழியில் குடில் பார்க்கப் போனேன்.
என் சாட்சியின்மேல் நாலு ஆடு, மூன்று மேய்ப்பர்.
சலூன்காரர் வைத்திருப்பாரே, அந்தத் தெளிப்பான்
ஹெர்பர்ட் கையில்.
"காலைல தண்ணி காட்டலைன்னா
இது சுருண்டுக்குதும்மா.
மேய்ப்பன் சாய்ஞ்சிடறான்."