கொளுக்கி

வந்தாறுமூலை. கார்த்திகை மழை.
ஆய்வுகூடத்துக் கூரைத்தகடு மாற்ற வந்த கிருபைராசா
ஏணியில் நின்று துளைபோடும் ஒவ்வொரு முறையும்
என் தட்டுகளின் மேல் துரு கொட்டுகிறது.
"கொஞ்சம் பொறுங்கோ அண்ணன்."
"நான் பொறுப்பன் புள்ள, மழை பொறுக்காது."

என்னிடம் இரண்டு குடுவை.
ஒன்றில், பெரியாஸ்பத்திரியில்
யாரோ ஒரு பெண்ணின் சிறுநீரிலிருந்து வந்த பக்டீரியா.
(லேபிளில் வயது மட்டும்: 62.)
மற்றதில் அதே பக்டீரியா, ஒரு மரபணு குறைய.
அறுத்தது நான். நாலு மாதம் பிடித்தது.

அந்த மரபணு எழுதுவது மிகச் சின்னப் புரதம்.
ஐம்பத்தெட்டு அமினோ அமிலம்,
தலையில் மூன்று கொழுப்பு இழை,
கால் நுனியில் லைசின்.
கொழுப்பை வெளிச்சவ்வில் செருகி
லைசினால் சுவரைப் பிடித்தபடி
நடுவில் நிற்கும்.
ஒரு கலத்துக்குள்ளேயே இப்படி லட்சக்கணக்கில்.
அதிலும் மூன்றில் ஒன்றுதான் சுவரைத் தொடுகிறது.
மிச்சம் ஏன் நிற்கிறதென்று
எனக்கு இன்னும் சரியாக விளங்கவில்லை.

முதல் வாரம் ஷிபானாவும் நானும்
வளர்ச்சிக்கோடு வரைந்தோம்.
இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று,
கண்ணுக்கு வித்தியாசமே இல்லை.
முப்பத்தேழு பாகைச் சூடு,
அளவான உப்பு, கொழுத்த சாறு,
இரவு முழுக்க ஆட்டிவிடும் மெசின்:
அங்கே எது இல்லாமலும் வாழலாம்.

"இல்லாட்டியும் சீவிக்குதே!
மறுகா என்னத்துக்குகா இவ்வளவத்தையும் செய்து வச்சிரிக்கு?"
ஏறாவூர் பஸ்ஸுக்கு ஓடும்போதும்
திரும்பித் திரும்பிக் கேட்டாள்.

பிறகு, என் இடக்கையிலிருந்து பத்து மில்லி.
அவள்தான் குத்தினாள்.
அவளுக்குக் கை நடுங்கிற்று, எனக்கில்லை.
உறையவிட்டு, சுழற்றி,
மேலே தெளிந்த மஞ்சளை இரண்டிலும் விட்டேன்.
மனித இரத்தத்திலும் துளைபோடுகிறவர்கள் இருக்கிறார்கள்,
வளையமாகக் கூடிநின்று
சவ்வில் ஓட்டை இடும் புரதங்கள்.
மூன்று மணித்தியாலம் காத்திருந்தோம்.
தட்டில் பூசி அடைவைத்துவிட்டு
ஆளுக்கொரு மேசையில் தலைவைத்துத் தூங்கினோம்.

காலையில் ஒரு தட்டு முழுக்கப் பால்வெள்ளை,
எண்ண இயலாது.
மற்றதில் ஏழு புள்ளி.

ஷிபானா துள்ளினாள். நானும்தான்.
அதற்குப் பிறகு என்னவோ,
குத்திய இடத்தைத் தடவிக்கொண்டிருந்தேன்.
சும்மா நடந்து திரிகிற இந்த உடம்பு
கேட்காமலே இத்தனையைக் கொன்று வைத்திருக்கிறது.
அறுத்துக் கொடுத்தவளும் நான்.

மேலே கிருபைராசா கடைசி வரிசையில்
கொளுக்கி ஆணி முறுக்குகிறார்.
"கொந்தராத்தில ரெண்டு மேட்டுக்கு ஒண்டுதான்.
நான் மேட்டுக்கு ஒண்டு அடிச்சிரிக்கன்."
"காசு தருவாங்களா?"
"தரமாட்டாங்க."
"அப்ப?"
ஆணியைப் பல்லில் கடித்திருந்ததால்
வாடைக்காற்று வரும் பக்கம்
தாடையை மட்டும் நீட்டிக் காட்டினார்.

மத்தியானம் காற்று வந்தது.
எங்கள் கூரை அசையவில்லை.
சைக்கிள் கொட்டகைத் தகடு ஒன்று
வாகைமரம் வரைக்கும் போய் விழுந்தது.
கரண்டும் போனது.

ஜன்னல் வெளிச்சத்தில் தட்டைத் தூக்கிப் பார்க்கிறேன்.
அந்த ஏழு.
கொளுக்கி இல்லை, கூரை கிழிந்திருக்க வேண்டும்,
என் இரத்தத்தில் மூன்று மணித்தியாலம் கிடந்தவை.
எதைப் பிடித்துக்கொண்டு நின்றன?

ஷிபானா பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டாள்.
ஒன்றும் பேசாமல் வந்து
ஏழு புதுத்தட்டுக்கு இலக்கம் போடுகிறாள்.