நான்கு அங்குலத் தாழ்ப்பாள்

நான் தேர்தலில் நிற்கவில்லை.
கூட்டம் நடந்த மதியம் பிரசவ வார்டில் இருந்தேன்.
தலை வந்து தோள் சிக்கிய ஒரு பையனோடு
மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம்,
வராதவளைப் பிடித்து
பயிற்சி மருத்துவர் பிரதிநிதி ஆக்கிவிட்டார்கள்.
கையுறையைக் கழற்றிவிட்டுப் பார்த்தால்
கைப்பேசியில் முப்பத்தொரு கைதட்டல்.

அன்றிலிருந்து கோட்டுப் பையில்
ஒரு நாற்பது பக்க நோட்டு.
“அக்கா, உதவித்தொகை மூணு மாசமா வரல.”
“அக்கா, முப்பத்தாறு மணி நேரம். கால் என்னுதான்னே தெரியல.”
“அக்கா, எலும்பு வார்டு வாசல்ல நாய் படுத்திருக்கு,
விரட்டுனா நம்மளத்தான் முறைக்குது.”
அதையும் எழுதிக்கொண்டேன்.
சிவப்பு, மஞ்சள், பச்சை என்று தரம் பிரிக்க
விபத்துப் பிரிவில் கற்றுத் தந்திருந்தார்கள்.
நோட்டில் எல்லாமே சிவப்பாகத்தான் வந்து படுத்தது.

காரைக்குடியில்
எண்பது அறை வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன.
படைப்புக்கு வந்து திறந்து, படைத்து,
மறுபடி பூட்டிவிட்டுப் போகிறார்கள்.
எங்களுக்கு ஓர் அறை, ஒரு கட்டில், ஒன்பது பெண்கள்.
கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது.
உள்ளே போகிறவள் ஒரு காலைக் கதவில் ஊன்ற வேண்டும்,
இல்லையென்றால் பாடிக்கொண்டே இருக்க வேண்டும்.
தேனருவிக்குப் பாட்டு வராது. இருமுவாள்.
அந்த இருமல் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மனு எழுதினேன். பதினேழு கையெழுத்து.
மறுநாள் சொர்ணலிங்கம் வந்து
வெள்ளை மை இருக்கிறதா என்று கேட்டான்.
அவனுக்குப் பின்னால் இன்னும் ஐந்து பேர்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
கையெழுத்துப் போட்ட பிறகும்
சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று
நாங்கள்தானே நோயாளிகளுக்குச் சொல்கிறோம்.

கண்காணிப்பாளர் அறையில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை.
உட்காரச் சொல்லவில்லை.
“எங்க காலத்துல” என்று ஆரம்பித்தார்.
அவர் காலத்தில் எழுபத்திரண்டு மணி நேரம் நின்றாராம்.
அவர் கணுக்காலைப் பார்த்தேன்.
காலுறையின் ரப்பர் தடத்துக்கு மேலே வீக்கம்,
விரல் வைத்து அழுத்தினால் குழி விழும் வகை.
அதையும் நோட்டில் ஏற்றத் தோன்றியது.

உதவித்தொகை: மேலிடம்.
பணி நேரம்: பார்க்கலாம்.
நாய்: மாநகராட்சி.
தாழ்ப்பாள் என்றதும்
முதல்முறையாகப் பேனாவை எடுத்தார்.
“இது மட்டும்தானே?”
அந்த ‘மட்டும்’ என்னோடு மாடிப்படி இறங்கி வந்தது.

முழங்கை நீளச் சாவிகளும்
பர்மாத் தேக்கில் ஆள் உயரம் இரண்டு மடங்கு கதவுகளும் உள்ள ஊரில்
நாங்கள் வென்றது
நான்கு அங்குலத் தாழ்ப்பாள், மூன்று திருகாணி.
நாலாவது ஓட்டை காலி.
குழுவில் வாழ்த்துகள் குவிந்தன.
வெள்ளை மை கேட்டவனும் கைதட்டியிருந்தான்.

அதோடு,
அடுத்த மாத டூட்டி அட்டவணையை நானே போட வேண்டுமாம்.
மரியாதையா தண்டனையா, புரியவில்லை.
பொங்கல் இரவுக்கு யார் பேரை எழுதினாலும்
எங்கோ ஒரு வீட்டில் போன் பேச்சு பாதியில் நிற்கும்.
என் பேரை எழுதினேன்.
அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

நேற்று இரவு இரண்டே முக்கால்.
தேனருவி பார்த்துக்கொண்டிருந்த ஏழு வயதுப் பிள்ளை,
டெங்கு,
போய்விட்டது.
தகப்பன் அவள் கோட்டைக் கொத்தாகப் பிடித்தார்.
பிறகு அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு விட்டார்.
அவள் நடந்து வந்து உள்ளே போனாள்.
தாழ்ப்பாள் விழுந்தது.
இருமல் கேட்கவில்லை.
குழாயை மட்டும் முழுதாகத் திறந்துவிட்டிருந்தாள்.

வார்டு போன் அடித்தது.
“டாக்டர் எங்க?”
“கேஸ்ல இருக்காங்க. பத்து நிமிஷம்.”

அந்தப் பத்து நிமிஷத்தை
எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது?
நோட்டைத் திறந்து, மூடி,
ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக்கொண்டு
அவள் வார்டுக்கு நடந்தேன்.
நாய் எழுந்து வழி விட்டது.